ஆண்டவருக்குக் கொடுத்த அறை

எங்கள் வீட்டில் 'முடியாது' என்ற சொல்லை யாரும் பயன்படுத்துவதில்லை. அதற்குப் பதிலாக 'ஜெபிப்போம்' என்போம். கோடை விடுமுறைக்கு ஊட்டி போகலாமா என்று நான் கேட்டால் என் கணவர் 'ஜெபிப்போம்' என்பார். சபையில் யாராவது எங்கள் ஸ்கூட்டரை ஒரு நாளைக்கு இரவல் கேட்டால், 'ஜெபிச்சிட்டு சொல்றேன் பிரதர்' என்பார். கேட்டவரும் விஷயம் தெரிந்தவர்தான். அடுத்த நிமிடமே வேறு வீட்டுப் பக்கம் நடையைக் கட்டிவிடுவார்.

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இது விளங்கவில்லை. நான் இந்துக் குடும்பத்தில் பிறந்து, இவரைக் கட்டிக்கொண்ட பிறகு சபைக்கு வந்தவள். எங்கள் வீட்டில் முடியாது என்றால் 'முடியாது போ' என்றுதான் சொல்வார்கள், சில சமயம் கூடவே ஒரு டம்ளரும் பறக்கும். இவர் 'ஜெபிப்போம்' என்றதும் நான் நிஜமாகவே முழங்கால் போட்டு ஜெபித்துவிட்டு, காலையில் காபியை நீட்டி, "ஜெபிச்சாச்சு, எப்ப கிளம்பலாம்?" என்று கேட்டு நின்றேன். மனிதர் திருதிருவென்று விழித்தார்.

கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் அவரைப் பற்றி நான் சொல்லப்போவதெல்லாம் வேறு மாதிரி இருக்கும். நெம்மேலியில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற ஆலையில் ஷிப்ட் வேலை. நாள் முழுக்கத் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்துவிட்டு வருவார், வந்து உட்கார்ந்ததும் சாம்பாரில் உப்பு பத்தவில்லை என்பார். எனக்கு நாவலூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் அலுவலகத்தில் வேலை. லிஃப்ட் நின்றுவிட்டது, மாடி வீட்டு நாய் குரைக்கிறது, எதிர்வீட்டார் என் இடத்தில் காரை நிறுத்திவிட்டார் என்று நாளெல்லாம் வரும் புகார்களைச் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொள்ள வேண்டும். அங்கே சிரித்துத் தீர்த்துவிடுவதால் திருவிடந்தையில் வீட்டுக்கு வந்து சேரும்போது என்னிடம் சிரிப்பு மிச்சமிருக்காது.

வருஷம் பிறக்கும்போது எங்கள் பாஸ்டர் அந்த வருஷத்துக்கு ஒரு பெயர் வைப்பார். ஆசீர்வாதத்தின் ஆண்டு, பெருக்கத்தின் ஆண்டு, திறந்த வாசலின் ஆண்டு என்றெல்லாம் வரும். நாங்களும் குஷியாக அல்லேலூயா சொல்லிவிட்டுக் கேக் சாப்பிடப் போவோம். இந்தத் தடவை அவர் 'கீழ்ப்படிதலின் ஆண்டு' என்று அறிவித்ததும் சபையில் எழுந்த அல்லேலூயாவில் அவ்வளவாக உயிரில்லை. என் கணவருடையது மட்டும் தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது.

மறுநாளே அவர் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் வசன ஸ்டிக்கர்களாக வாங்கிக் குவித்துக்கொண்டு வந்தார். பெருந்தீனி கூடாது என்கிற வசனம் பிரிட்ஜில் ஏறியது. நாவை அடக்கு என்கிற வசனம் என் போன் சார்ஜரின் மேலே. மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிற வசனம், பெரிய எழுத்தில், அடுப்பங்கரைக் கதவில். நான் வேதாகமத்தைத் திறந்தேன். அந்த வசனத்துக்குப் பக்கத்திலேயே, கணவன் மனைவிமேல் உயிரையே வைக்க வேண்டும் என்று சொல்கிற இடத்தைத் தேடி எடுத்து எழுதி, அவர் சவரம் செய்கிற கண்ணாடியில், சரியாக மூக்கு தெரிகிற இடத்தில் ஒட்டினேன். பிள்ளைகள் பெற்றோருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பது நான்காம் வகுப்பு படிக்கிற எங்கள் மகளின் மேசைமேல் போனது. அவள் என்னைக் கொண்டு பிறந்தவள். தகப்பன்மார் பிள்ளைகளுக்குக் கோபமூட்டக் கூடாது என்று அதற்கு அடுத்தாற்போல் வருவதைக் கண்டுபிடித்து, ஸ்கெட்ச் பேனாவில் எழுதி, அப்பாவின் ஹெல்மெட்டில் ஒட்டிவிட்டாள். நெம்மேலி கேட்டில் செக்யூரிட்டி அதை வாசித்துவிட்டுத்தான் இவரை உள்ளே விட்டிருக்கிறார்.

இதெல்லாம் விளையாட்டு. விளையாட்டாக இல்லாத ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அது ஓர் அறை.

வீடு கட்டும்போது ஒரு ஹால், ஓர் அடுப்பங்கரை, ஒரு படுக்கையறை என்றுதான் போட்டிருந்தோம். நான் மேஸ்திரியிடம் சண்டை போட்டுப் பின்பக்கம் இன்னோர் அறை இழுத்தேன். என் அப்பாவுக்காக. அம்மா போன பிறகு அவர் செங்கல்பட்டில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருந்தார். இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒரு நாள் அவர் நம்மோடு வந்துதான் ஆக வேண்டும் என்று கணவரிடம் சொன்னேன். அவரும் 'சரி' என்றார். ஜெபிப்போம் என்று சொல்லவில்லை, கவனியுங்கள், 'சரி' என்றார். அப்பாவிடம் மட்டும் நாங்கள் சொல்லவில்லை. வீடு முடியட்டும், கையைப் பிடித்துக் கூட்டிவந்து காட்டலாம் என்றிருந்தேன்.

வீட்டுப் பிரதிஷ்டை நாளில் சபை மொத்தமும் ஹாலில் நெருக்கியடித்து நின்றது. பாட்டும் கைத்தட்டலும் உச்சத்துக்குப் போனபோது என் கணவருக்குள் என்ன புகுந்ததோ, மைக்கைக் கையில் வாங்கி, "இந்த வீட்டின் பின்னறையை என் தேவனுக்கென்று பொருத்தனை பண்ணுகிறேன், அது ஜெபத்துக்கு மாத்திரமே" என்று அறிவித்துவிட்டார். பொருத்தனை என்றால் ஆண்டவரிடம் நேர்ந்துகொள்வது, திரும்ப எடுக்க முடியாதது. எல்லோரும் கையைத் தூக்கி ஸ்தோத்திரம் சொன்னார்கள். நான் பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்றிருந்தேன். அந்தக் கரண்டியை நான் எறியாமல் இருந்ததற்குக் காரணம் கிருபை ஒன்றுதான்.

அன்று முதல் அது அறைவீடு. வேதத்தில் அப்படித்தான் ஒரு சொல் வருகிறது. ஜெபிக்கிறவன் தன் அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்று இருப்பதால், இவர் அந்த அறைக்குப் பூட்டே வாங்கி மாட்டினார். உள்ளே ஒரு விரிப்பு, ஒரு மைக் ஸ்டாண்டு, வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கென்று அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். காலையில் இவர் உள்ளே போவார், கொஞ்ச நேரம் கழித்து வெளியே வருவார். மற்ற நேரமெல்லாம் ஆண்டவர் அந்த நாற்காலிகளோடு தனியாக இருப்பார்.

இந்த நிலைமையில்தான் அப்பா மாடிப்படியில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார்.

அப்பா அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். செங்கல்பட்டுக்கும் மகாபலிபுரத்துக்கும் நடுவில் எத்தனை வேகத்தடை உண்டோ அத்தனையையும் திட்டியவர். ஆஸ்பத்திரியிலிருந்து அவரை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தபோது, கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே, "ரெண்டு நாள் இருந்துட்டு போய்டுவேன், இன்னாத்துக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டம்?" என்றார். நெற்றியில் பட்டையாக விபூதி. கட்டு பிரிக்கும்வரை இருக்கட்டும் என்று கணவரே ஹாலில் மடக்குக் கட்டிலைப் போட்டுக் கொடுத்தார். டிவிக்கு நேர் கீழே, எல்லோரும் செருப்பு விடுகிற வாசலுக்குப் பக்கத்தில்.

ஒன்று சொல்ல வேண்டும். காலையில் ஷிப்டுக்குப் போகுமுன் என் கணவர்தான் அப்பாவைக் குளிப்பாட்டினார். மாவுக்கட்டில் தண்ணீர் படாமல் பாலிதீன் பையைச் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, முதுகு தேய்த்து, வேட்டியும் கட்டிவிடுவார். விபூதி மட்டும் தகராறு. இடது கையால் பூசிக்கொள்ள அப்பாவுக்கு மனசில்லை. "மாப்ள, நீயே இட்டு வுடேன்" என்று முதல் நாள் நெற்றியைக் காட்டினார். இவர் நெளிந்தார். பிறகு விபூதி டப்பாவைப் பத்திரமாக எடுத்து வந்து நாற்காலிமேல் வைத்துவிட்டு, என்னைக் கூப்பிட்டார். நான் பூசி முடிக்கும்வரை சுவரில் மாட்டியிருந்த காலண்டரை அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார். தினமும் அதே காலண்டர்.

எங்கள் குடும்ப ஜெபத்தைப் பற்றி அப்பாவுக்கு நான் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் சண்டை போடத் தடையில்லை, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு, வேதாகமத் தமிழில் போட வேண்டும். ஒருவர் ஜெபிக்கும்போது மற்றவர் குறுக்கே பேச முடியாது. தன் முறை வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து, அதன்பின் ஆண்டவரிடம் பதில் கொடுக்கலாம். அன்றைக்கு இவர் உருக்கமாக, "கர்த்தாவே, இந்த வீட்டில் ஓயாமல் ஒலிக்கும் தொலைக்காட்சியின் இரைச்சலினின்று எங்களை விடுவித்தருளும்" என்றார்.

"சொல்லியிருந்தா நானே கொறச்சிருப்பேனே மாப்ள" என்றார் அப்பா கட்டிலிலிருந்து. "ரிமோட்டு இங்கதான கீது."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஜெபத்துக்கு அத்தனை சீக்கிரம் பதில் கிடைத்து நான் பார்த்ததில்லை.

நாட்கள் ஓடின. கட்டு பிரிக்கிற சனிக்கிழமை நெருங்கியது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்துவிட்டு அப்படியே தன் மாடிப் போர்ஷனுக்குப் போய்விடுவதாக அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் படிகள் எனக்குத் தெரியும். செங்குத்தாக இருக்கும், பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. இந்தத் தடவை மணிக்கட்டு. கீழ்வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லாத நாளாக இருந்திருந்தால் அவர் விழுந்து கிடந்ததுகூட எனக்குத் தெரிந்திருக்காது.

அடுப்பங்கரையில் வைத்துக் கணவரிடம் கேட்டேன். "அப்பா இங்கேயே இருக்கட்டுங்க. அந்த ரூமைக் குடுத்துடலாம்."

அவர் கதவில் இருந்த ஸ்டிக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஜெபிப்போம்" என்றார்.

"எதுக்கு ஜெபிக்கணும்? பெத்தவங்கள கனம் பண்ணுன்னு நேராவே எழுதி இருக்குதே. இது கீழ்ப்படிதலின் ஆண்டுதானே?"

"அது பொருத்தனை பண்ண ரூம்மா. ஆண்டவருக்குக் குடுத்தத திரும்ப எடுத்தா பாவம். மாமா வேணும்னா ஹால்லயே..."

"செருப்பு பக்கத்துலயா?"

"ஜெபிப்போம்" என்றார் மறுபடியும்.

அன்று குடும்ப ஜெபத்தில் நான் விடவில்லை. "கர்த்தாவே, நாற்காலிகளுக்கு அறை கொடுத்து, நரைமயிருள்ளவருக்கு வாசற்படியைக் கொடுக்கிறவர்களின் கண்களைத் திறந்தருளும்" என்று குரல் தழுதழுக்க வேண்டிக்கொண்டேன். அடுத்தது அவர் முறை. "பிதாவே, தேவனுக்கென்று பிரித்து வைத்ததின்மேல் இச்சை வைக்கிறவர்களுக்கு நல்ல புத்தியைத் தாரும்" என்றார். மகள் தன் முறையில், "இயேசப்பா, நாளைக்கு மேத்ஸ் டெஸ்ட்" என்று மட்டும் சொல்லி ஆமென் போட்டாள்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால் அப்பா கணவருடைய கட்சி. ஒரு நாள் நானே வாயை விட்டு, "அந்த ரூம்ல படுத்துக்கிறியாப்பா?" என்று கேட்டேன். அவர் அதிர்ந்துபோய்விட்டார். "இன்னா பேசற? அது சாமி ரூம்பு. நம்ம வூட்ல பூஜ ரூம்புல யாராச்சும் பாய் போட்டு காலை நீட்டுவாங்களா? மாப்ள எவ்ளோ பக்தியா பூட்டி வெச்சிகினு கீறாரு." பூட்டிய கதவைப் பார்த்துக் கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

வேறு வழியில்லாமல் பாஸ்டரம்மாவிடம் போனேன். அவர்கள் நல்லவர்கள், என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்கள். கண்கூடக் கலங்கியது. கடைசியில் பெருமூச்சு விட்டு, "ஜெபிப்போம் சிஸ்டர்" என்றார்கள். நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் தினம் ஓர் அதிகாரம் வாசிப்போம். வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு வசனம் என்று சுற்றி வரும். இவர் வீட்டுத் தலைவர் என்பதால் முதல் வசனம் அவருடையது, பிறகு நான், பிறகு மகள், மறுபடி அவர். அதிகாரம் முடிந்ததும் விளக்கம் சொல்வதும் அவர்தான். புரியாத சொல் எது வந்தாலும் அவர் பதில் வைத்திருப்பார், இல்லையென்றால் அங்கேயே தயாரித்துக்கொள்வார். அப்போது சுவிசேஷத்தில் ஒரு புத்தகம் ஓடிக்கொண்டிருந்தது. மகளுக்கு எப்போதும் ஒரே கவலைதான், அடுத்த அதிகாரம் பெரிதா சின்னதா என்று. அவள் நச்சரிப்பு தாங்காமல் வியாழக்கிழமை மதியம், ஆபீசில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, போனில் மறுநாளைக்கான அதிகாரத்தைப் புரட்டினேன்.

கையில் பிசைந்த சோறு கையிலேயே காய்ந்துவிட்டது.

எத்தனையோ தடவை வாசித்துத் தாண்டிப்போன இடம்தான். கொர்பான் என்று ஒரு சொல். பெற்றவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல், 'அதைத்தான் ஆண்டவருக்குக் கொர்பானாகக் கொடுத்துவிட்டேனே' என்று கைகழுவிவிடுகிறவர்களை இயேசு பிடிபிடியென்று பிடிக்கிறார். எங்கள் பின்னறையை நேரில் வந்து பார்த்துவிட்டுப் பேசின மாதிரி இருந்தது. அதுவும் வெள்ளிக்கிழமை, கட்டு பிரிப்பதற்கு முந்தின நாள். எனக்கு ஆபீசிலேயே அல்லேலூயா சொல்ல வேண்டும்போல் இருந்தது, பக்கத்தில் ஒருவர் தண்ணீர் டேங்க் புகாரோடு நின்றிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

உடனே விரல் விட்டு எண்ணினேன். வழக்கமான வரிசையில் போனால் கொர்பான் வசனம் என்னிடம் வந்து விழுந்தது. அதில் பிரயோஜனமில்லை. நான் வாசித்தால் அது பெண்டாட்டியின் நச்சரிப்பு. அவர் வாயாலேயே வாசித்தால்தான் தேவ வார்த்தை. மகள், நான், கடைசியில் அவர் என்று வரிசையைத் தலைகீழாக்கினால்? அப்போதும் என்னிடமேதான் வந்து விழுந்தது. வட்டத்தில் இன்னோர் ஆள் வேண்டும். மகள் தொடங்கி, நான், அவர், கடைசியில் அப்பா என்று நாலு பேராக உட்கார்ந்தால், கொர்பான் நேராகப் போய் என் கணவரின் மடியில் விழும். ஒன்றுக்கு மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன். கச்சிதம்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் நல்லவேளையாக அந்த வாரம் பட்டிப்புலத்தில் வேறொரு வீட்டுக்கு மாறியிருந்தது, அதுவும் சாயங்காலமே முடிந்துவிட்டது. விளக்கு வைத்ததும் ஹாலில் பாயைப் போட்டேன். "இன்னைக்கு பாப்பா ஆரம்பிக்கட்டுங்க. அப்பாவும் ஒரு வசனம் வாசிப்பாரு."

கணவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாமனார் வேதம் வாசிக்கப்போகிறார். "ஆண்டவர் கிரியை செய்றாரு" என்று என் காதில் முணுமுணுத்தார். நான் பணிவாகத் தலையாட்டினேன். கீழ்ப்படிதலின் ஆண்டில் நான் அவ்வளவு பணிவாக இருந்தது அன்றைக்குத்தான்.

அப்பா இடது கையால் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "படிக்கிறதுல இன்னா கீது, குடு" என்றார். கட்டில் காலில் அவருடைய ஊர்ப் பை, ஜிப் இழுத்து மூடி, தயாராகச் சாய்ந்திருந்தது. ஒற்றைக் கையால் அவரே எல்லாவற்றையும் மடித்து அடுக்கியிருக்கிறார். அதைப் பார்த்ததும் என் பணிவெல்லாம் போய்ப் படபடப்பு வந்துவிட்டது.

மகள் முதல் வசனத்தை ஓட்டமாக ஓட்டினாள். நான் இரண்டாவது. கணவர் மூன்றாவதைக் கணீரென்று வாசித்தார். அப்பாவின் முறை. அவர் தொண்டையைச் செருமி, விரலை வைத்து, கணவர் வாசித்த அதே வசனத்தை மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார்.

"அப்பா, அது ஆயிடுச்சு" என்றேன் பதறி.

"அவரு சொன்னாரு, நான் திருப்பிச் சொல்றேன். பள்ளிக்கூடத்துல அப்டித்தான?" என்றார் அப்பா. "தப்பா?"

"தப்பில்ல மாமா, நல்லா வாசிச்சீங்க" என்று கணவர் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு மகளுக்குக் கைகாட்டினார். அவள் அடுத்ததற்குப் போய்விட்டாள்.

போச்சு. என் கணக்கு மொத்தமும் ஒரு வசனம் தள்ளிப்போய்விட்டது. மடியில் விரலை மடக்கி மடக்கி எண்ணிப் பார்த்தேன். கொர்பான் இனிக் கணவரிடம் வராது. அது போய் நிற்கிற இடம் அப்பா. என் முறை வந்தபோது நான் எதை வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. வருஷக்கணக்காக ஓடுகிற வட்டத்தை ஒரு நாளைக்கு நம் இஷ்டத்துக்குத் திருப்பலாம் என்று நினைத்தேனே என்று என்மேலேயே எரிச்சலாக வந்தது. வட்டம் மறுபடி சுற்றியது. தகப்பனையும் தாயையும் கனம் பண்ணச் சொல்கிற வசனம் கணவருக்கு வந்தது. அவர் அதைப் பிரசங்கம் மாதிரி, கையை உயர்த்தி, அழகாக வாசித்தார்.

அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அடுத்ததைத் தொடங்கினார். வழியில் வருகிற ஊர்ப் பலகைகளைப் படிக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் படித்தார். கொர்பான் வந்ததும் நின்றுவிட்டார்.

"கொர்பான்னா இன்னா மாப்ள?"

"எபிரெய வார்த்தை மாமா" என்றார் கணவர். குரல் சற்று இறங்கியிருந்தது. "காணிக்கை."

"அது பொஸ்தகத்துலயே போட்டுக்கீது. யாரு யாருக்கு குடுக்கறது?"

விளக்கம் சொல்கிறவர் அவர்தான். எங்கள் வீட்டில் வேறு யாரும் விளக்கம் சொல்லிப் பழக்கமில்லை. மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"அதாவது மாமா, அந்தக் காலத்துல... ஒருத்தன் அவன் அப்பா அம்மாவுக்குச் செய்ய வேண்டியது ஏதாவது இருக்கும். ஒரு பொருளு. இல்ல, ஒரு... ஒரு இடம்னு வெச்சுக்குங்க." அவர் கண் பின்னறைப் பூட்டுக்குப் போய்த் திரும்பியது. "அத அவங்களுக்குக் குடுக்காம, இது சாமிக்குக் குடுத்தாச்சு, இனிமே தர முடியாதுன்னு சொல்லிடுவான்."

"சாமி கேட்டுச்சா?"

"இல்ல மாமா."

"அப்ப சாமியும் அத எடுத்துகினு போவாது. இவங்கிட்டயேதான கெடக்கும்?"

"ஆமா மாமா. இவங்கிட்டயேதான் கெடக்கும்."

"அடப்பாவி!" என்றார் அப்பா. அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது, கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "பெத்தவங்கள ஏமாத்துறதுக்கு சாமி பேர இழுப்பானா ஒருத்தன்? எந்த ஊர்ல மாப்ள?"

என் கணவர் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இத்தனைக்கும் இந்த நிமிடத்துக்காகத்தான் நான் ஒரு நாள் முழுக்க விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

"இந்த ஊர்லதான் மாமா" என்றார்.

அதிகாரத்தை அவர் பாதியில் மூடி நான் பார்த்ததில்லை. மூடினார். எழுந்து போய்ப் பின்னறைப் பூட்டைத் திறந்தார். உள்ளே நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்று உரசுகிற சத்தம் கேட்டது. அடுக்கோடு தூக்கிக்கொண்டு வந்து ஹால் மூலையில் வைத்தார். மைக் ஸ்டாண்டை வெளியே கொண்டுவந்து பிரிட்ஜுக்குப் பக்கத்தில் சாத்தினார். மகள் ஒன்றும் கேட்காமல் ஓடிப்போய் விரிப்பைச் சுருட்டிக்கொண்டு வந்தாள்.

"இன்னா ஆச்சு உம் புருசனுக்கு?" என்று அப்பா என்னைக் கேட்டார். நான் கட்டிலில் இருந்த தலையணையை எடுத்துக்கொண்டேன்.

கணவர் மடக்குக் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தார். அப்பா பதறி எழுந்து இடது கையால் மறுமுனையைப் பிடித்து நிறுத்தினார். "அய்ய, வேணாம் மாப்ள. அது சாமி ரூம்பு. தப்பு."

"சாமி கேக்கல மாமா. நானாத்தான் எல்லார் முன்னாடியும் மைக்குல சொல்லிட்டேன்" என்றார் கணவர். "அது உங்களுக்குன்னு கட்டுன ரூம்பு. கட்டும்போதே உங்களுக்குன்னுதான் கட்டுனோம்."

அப்பா கட்டிலை விடாமல் என் பக்கம் திரும்பினார். "எனக்குன்னா கட்டுன?"

நான் தலையாட்டினேன்.

"எங்கிட்ட சொல்லவே இல்லியே பாப்பா."

அப்பா விபூதி நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார், கூடவே கண்ணையும். வாசல் பக்கம் போய்த் தன் செருப்பை நேராக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். பிறகு கட்டிலின் அந்த முனையை ஒற்றைக் கையால் தூக்கினார்.

"ஜன்னலாண்ட போடு மாப்ள," என்றார், "காத்து வரும்."